கல் முடிகிற இடம்

லாரி வந்து கல் கொட்டுகிற சத்தம் கேட்டால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் சந்தோஷம், ஐஸ்காரக்காவுக்கு மட்டும் வயிற்றெரிச்சல். வயிற்றெரிச்சல் என்று நானாகச் சொல்லவில்லை, அவளே சொன்னதுதான். "ஒவ்வொரு கல்லும் என் வயித்துலயே விழுது மெக்கானிக்கு" என்று சொல்லிவிட்டு, நீளமான ஐஸ் பார் கட்டியில் கொக்கியை மாட்டி இழுத்து அரவை மெஷினின் வாயில் தள்ளினாள். மெஷின் கடகடவென்று கத்தியது. அது ஓடும்போது லாரிச் சத்தம் கேட்காது. அதற்காகவே அன்றைக்குத் தேவைக்கு மேல் அரைத்தாள் என்று நினைக்கிறேன்.

விஷயம் இதுதான். துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீளமாக ஒரு சுவர் நீட்டினார்கள். அதற்கப்புறம் எங்கள் பக்கத்து மணல் கரைய ஆரம்பித்தது. முதலில் யாரும் கண்டுகொள்ளவில்லை. படகை இழுத்துப் போட இடம் போதாமல் ஆளுக்கு ஆள் சண்டை பிடித்தபோதுதான் கரை குறைந்திருப்பதே உறைத்தது. வருஷக்கணக்கில் கத்திய பிறகு, கருங்கல் கொட்டிக் கரையைக் காப்பதாக ஆபீஸ்காரர்கள் முடிவு செய்தார்கள். துறைமுகப் பக்கத்திலிருந்து வீடு வீடாகக் கல் வந்தது. அக்காவுடைய கொழுந்தன் வீடு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அடுத்த வீடு அக்கா வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான், அந்தப் பக்கம் ஆணி அடித்தால் இந்தப் பக்கம் சுண்ணாம்பு உதிரும். அந்தச் சுவர் வரைக்கும் கல், இந்தப் பக்கம் வெறும் மணல்.

கல் நின்ற பிறகு கடல் சும்மா இருக்கவில்லை. முன்பெல்லாம் நக்கிக்கொண்டிருந்தது, இப்போது கடிக்க ஆரம்பித்தது. கல்லில் மோதிய அலை அப்படியே பக்கவாட்டில் ஓடி வந்து அக்கா வீட்டு முன்னால் மணலை வழித்துக்கொண்டு போனது. அவளுடைய குளியலறைத் தடுப்பு ஒருநாள் காலையில் சாய்ந்து கிடந்தது. அடுத்த மழைக்காலத்துக்கு வீடு நிற்காது என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஆறுதல் சொல்ல வந்தவர்கள்கூட அதையேதான் சொன்னார்கள்.

நான் ரோட்டுக்கு இந்தப் பக்கம் படகு எஞ்சின் பிரித்து மாட்டுகிறவன். பட்டறை வாசலில் உட்கார்ந்தால் அக்காவின் கொட்டகை முழுசாகத் தெரியும். வீட்டை ஒட்டிய நீளமான தகரக் கொட்டகை, இரண்டு பக்கமும் திறப்பு. ரோட்டுப் பக்கம் ஐஸ் பார் வந்து இறங்கும், மணல் பக்கம் படகுக்காரர்கள் வந்து கூடையில் அள்ளிக்கொண்டு போவார்கள். நடுவில் அக்கா. கையில் ரப்பர் உறை, தலையில் துண்டு, வாயில் எந்நேரமும் பேரம். அவள் கணவர் பெரிய படகில் டிரைவர். கடலுக்குப் போனால் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. வந்தாலும் அவள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுத் தூங்குவார். நல்ல மனுஷன், ஒன்றுக்கும் உதவ மாட்டார்.

கொழுந்தனுக்கு டேப்பு என்று பெயர். அளவு எடுக்க வருகிற ஆபீஸ் ஆட்களுக்கு டேப் பிடிப்பது அவர் வேலை. வருகிற ஆட்கள் ஒவ்வொரு தடவையும் மாறுவார்கள், டேப்பு மட்டும் மாற மாட்டார். அவர் பொண்டாட்டி தையல்காரி. இரண்டு குடும்பமும் ஒரே தண்ணீர் மோட்டாரில் இழுத்துக்கொண்டு, ஒரு வீட்டில் மீன் வாங்கினால் மறு வீட்டுக்கும் தட்டில் வைத்துக் கொடுத்துக்கொண்டு இருந்தவர்கள்தான்.

அக்காவுக்குச் சந்தேகம் பிறவிக் குணம். ஐஸ் பார் இறங்கும்போதே ஓரத்தைத் தடவிப் பார்ப்பாள், வழியில் கரையவிட்டுக் கொண்டுவந்தார்களா என்று. நான் மெஷினுக்கு எண்ணெய் விட்டால் கீழே குனிந்து நாள்பட்ட எண்ணெயா என்று மோந்து பார்ப்பாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். கரையில் ஏமாந்தவள் பிழைக்க முடியாது. அதுவும் கணவன் கடலில் இருக்கிற பெண்பிள்ளையை ஏமாற்ற ஊரே வரிசையில் நிற்கும்.

கல் நின்றதும் அந்தச் சந்தேகம் நேராகச் சுவருக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தது. அளந்தது யார்? டேப்பு. அளவை வைத்துத்தான் கல் என்று ஆபீஸில் சொல்கிறார்கள். அளந்தவர் வீட்டோடு கல் நிற்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? எனக்கே அது சரியாகத்தான் பட்டது. இப்போது இல்லை என்று சொல்லலாம், அப்போது நானும் தலையாட்டினேன்.

அவள் டேப்பிடம் போய்க் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதை வேறு. நேராக ஆபீஸுக்குப் போய், வாசலில் நின்றுகொண்டு, உங்கள் டேப்காரன் அண்ணன் வீட்டுக் குடியைக் கெடுத்துத் தன் வீட்டுக்குக் கல் வாங்கிக்கொண்டான் என்று கத்தியிருக்கிறாள். உள்ளே இருந்தவர்கள் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். கத்தல் ஓயவில்லை என்றதும் விசாரிக்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். விசாரித்தார்களோ என்னவோ, டேப்பை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றிலிருந்து மோட்டார் சுவிட்சுக்குச் சண்டை. தையல்காரி விடியற்காலையிலேயே தொட்டியை நிரப்பிக்கொண்டு சுவிட்சை அணைத்துவிட்டுப் போவாள், அக்கா போட்டால் மறுபடி அணைப்பாள். தட்டு போவதும் வருவதும் நின்றது.  வேலை போன டேப்பு வாசலில் உட்கார்ந்து கல்லையே பார்த்துக்கொண்டிருப்பார். அதைப் பார்த்தாலும் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "பாரு, கல்லுக்குக் காவல் இருக்கான்" என்பாள்.

அக்காவுக்கு மறுபக்கத்து வீடு பெட்டிக்காரருடையது. மீன் அனுப்புகிற மரப்பெட்டி செய்கிறவர், எல்லோரும் அண்ணே என்று கூப்பிடுவோம். எதையும் கேலியாக்கிவிடுவார். "உங்க வீட்டக் கடல் தின்னு முடிச்சாத்தான என் வீட்டுப் பக்கம் வரும். அது வரைக்கும் நான் நிம்மதியாத் தூங்குவேன்" என்று அக்காவிடமே சொல்லிவிட்டுச் சிரிப்பார். அக்காவும் சிரிப்பாள். மனசில் வைத்துக்கொண்டு பேசுகிற ஆள் இல்லை அவர்.

ஆபீஸிலிருந்து ஒருநாள் இன்ஜினியரம்மா வந்தார். முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ், தோளில் ஒரு பை, முகத்தில் தூக்கம் இல்லாத களைப்பு. யாரைப் பார்த்தாலும் இவன் என்ன பொய் சொல்லப் போகிறான் என்ற பார்வை. ஒவ்வொரு கரையிலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள் போல. அக்கா கொட்டகையில் ஐஸ் அள்ளிக்கொண்டிருந்தாள், நான் மெஷினின் பெல்ட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். புகார் சொன்னது நீங்கள்தானே என்று கேட்டுவிட்டு, உட்காரச் சொன்னதற்கும் உட்காராமல், நின்றபடியே பேசினார்.

கல் நிற்கிற இடத்தில் கடல் கடிக்கும், அது யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, எங்கே கல் முடிந்தாலும் அதற்கு அடுத்த இடம் அடி வாங்கத்தான் செய்யும் என்றார். அப்படியானால் ஏன் என் வீட்டுக்கு முன்னால் முடித்தீர்கள் என்று அக்கா கேட்டாள். உங்கள் வீட்டு முன்னால் மணல் குறையவே இல்லை என்று அளவு சொல்கிறது, குறையாத இடத்துக்குக் கல் கேட்டால் மேலிடத்தில் தர மாட்டார்கள் என்றார் அவர். அக்கா கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தாள்.

"என்ன அளவு? எதுலேருந்து எது வரைக்கும் அளந்தீங்க? அதச் சொல்லுங்க மொதல்ல."

"சிவப்பு பெயிண்ட் அடிச்ச கம்பு நட்டிருக்கோம்ல. அந்தக் கம்புலேருந்து தண்ணி வரைக்கும். தூரம் குறைஞ்சா கரை குறையுதுன்னு அர்த்தம். எல்லா வீட்டு முன்னாடியும் குறைஞ்சிருக்கு. உங்க வீட்டு முன்னாடி மட்டும் நடுவுல ஒரு தடவை கூடியிருக்கு. மணல் சேர்ந்திருக்குன்னுதான் எழுதியிருக்காங்க."

"அந்தக் கம்பு வேலிக்கு இல்லையா?"

"எந்த வேலி?"

 அக்கா வெறும் கையை ஐஸ் குவியலுக்குள் விட்டுக்கொண்டு அப்படியே நின்றாள். உறை போடாத கை, சிவந்துகொண்டே வந்தது. இன்ஜினியரம்மா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு, நாளைக்கும் இந்தப் பக்கம்தான் வேலை, ஏதாவது சொல்ல இருந்தால் சொல்லுங்கள் என்று போய்விட்டார்.

அந்தக் கம்பு விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷம் முன்னால் வண்டியில் வந்து வீட்டுக்கொரு கம்பு நட்டுவிட்டுப் போனார்கள். எதற்கு என்று ஒருத்தரும் சொல்லவில்லை. டேப்பிடம் கேட்டால், பிடி என்றால் பிடிக்கிறேன், எனக்கென்ன தெரியும் என்பார். சொல்லாத இடத்தில் வதந்தி முளைக்கும். ஓட்டல் வருகிறது என்றார்கள், ரோடு வருகிறது என்றார்கள். கடைசியில் நிலைத்தது வேலிக் கதை. கம்பு வரிசையில் கம்பி வேலி போடப் போகிறார்கள், வேலிக்கும் தண்ணீருக்கும் நடுவில் எவ்வளவு மணல் இருக்கிறதோ அவ்வளவுதான் இனிமேல் படகுக்கு. என் பட்டறையில்தான் அது அதிகமாகப் பேசப்பட்டது, நானும் நம்பினேன்.

ஐஸ் விற்கிறவளுக்குப் படகு வந்து நிற்க மணல் வேண்டும். மணல் இல்லாவிட்டால் படகுக்காரன் வேறு இடத்தில் ஏறி வேறு ஆளிடம் ஐஸ் வாங்குவான். அக்கா கணக்குப் போட்டாள். வேலி எவ்வளவு உள்ளே தள்ளி வருகிறதோ அவ்வளவு மணல் வெளியே கிடைக்கும். ஐஸ் லாரி வருவதற்கு முன்னால், ஆள் நடமாட்டம் இல்லாத விடியலில், கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்க் கம்பைப் பிடுங்கி, கொட்டகை வாசலை ஒட்டிக் கொண்டுவந்து நட்டுவிட்டாள். நகர்த்திய தூரம் இரண்டு படகு அகலத்துக்கு மேல் இருக்கும். கணவருக்குக்கூடச் சொல்லவில்லை.

கம்பு பின்னால் வந்ததும் தண்ணீருக்குத் தூரம் கூடியது. தூரம் கூடியதும் கரை வளர்கிறது என்று ஆகிவிட்டது. கரை வளர்கிற வீட்டுக்குக் கல் எதற்கு? இதையெல்லாம் அன்று சாயங்காலம் அவள்தான் என் பட்டறை வாசலில் உட்கார்ந்து சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு அழுதாள். "என் கையாலயே என் வீட்டுக்குக் குழி தோண்டிட்டு, அவன் சோத்துல மண்ணப் போட்டேனே" என்றாள். எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. அழுகிறவளிடம் கோபத்தைக் காட்ட முடியுமா? டீ வாங்கிக் கொடுத்தேன். ஆறவிட்டுக் குடித்துவிட்டு, "வா, துணைக்கு வா" என்று எழுந்தாள்.

டேப்பு வாசலில்தான் இருந்தார். உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து ஒரு ஸ்டூலைத் தள்ளினார், அக்காவைப் பார்க்கவில்லை. அவள் நின்றுகொண்டே சொன்னாள்.

"கம்ப நான்தான் நகத்துனேன்."

"தெரியும்."

"எப்பலேருந்து தெரியும்?"

"நீங்க நகத்துனதுக்கு அப்புறம் மொத தடவ அளக்க வந்தப்பவே. மாசாமாசம் அந்தக் கம்புல டேப்ப மாட்டுறவனுக்கு இடம் மாறினது தெரியாதா? கொட்டகைக் கூரை தலைமேல இடிக்குது. ஆபீஸ் ஆளு புதுசு, அவருக்குத் தெரியல."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சர்க்கார் கம்பப் புடுங்கினா கேஸு அண்ணி. அண்ணன் கடல்ல கெடக்காரு, நீங்க எங்க போய் நிப்பீங்க?"  உள்ளே தையல் மெஷின் நின்றது. "அது மட்டும் இல்ல. இருக்கிற கல்லு இன்னும் ஒரு வீட்டுக்குத்தான் எட்டும், கரை அதிகமாக் குறைஞ்ச வீட்டுக்குத்தான்னு ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க. என் வீடா, ஒங்க வீடான்னு வந்தப்ப நான் வாயத் தொறக்கல. ரெண்டும்தான் காரணம். எது பெருசுன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியல."

அக்கா படியில் உட்கார்ந்தாள். நாளைக்கு அந்தம்மாவிடம் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன், கேட்டால் நீயும் சொல்வாயா என்று கேட்டாள். டேப்பு பார்ப்போம் என்றார். உள்ளேயிருந்து தையல்காரி, என்ன பார்ப்போம், வேலையும் போய் இனிமேல் நம்ம வீட்டுக் கல்லையும் பெயர்த்து அங்கே போடணுமா என்றாள். டேப்பு உள்ளே பார்த்து, தண்ணீர் கொண்டு வா என்றார். தண்ணீர் கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தோம்.

திரும்பி வரும் வழியிலேயே அக்காவுக்குப் பழைய குணம் வந்துவிட்டது. சொல்ல மாட்டான் பார், பொண்டாட்டி விட மாட்டாள், கம்பு நகரவே இல்லை என்று ஒரே போடாகப் போடுவான், இல்லாவிட்டால் கொஞ்சமாக நகர்ந்தது என்று சொல்லிக் கல்லைக் காப்பாற்றிக்கொள்வான் என்று புலம்பிக்கொண்டே வந்தாள். வேலை போன மனுஷன் மனசு விட்டுப் பேசியிருக்கிறார், அதையாவது நம்பு என்றேன். "மனசு விட்டுப் பேசுறவன்தான் மெக்கானிக்கு மறுநாள் மாத்துவான்" என்றாள்.

மறுநாள் இன்ஜினியரம்மாவிடம் அக்கா சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. பூட்ஸில் ஒட்டிய மணலை உதறிக்கொண்டே கேட்டார். கல் வேண்டும் என்று வந்ததும் கம்பை நகர்த்தினேன் என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர், பழைய இடம் என்று எதைக் காட்டினாலும் நான் எப்படி நம்புவது என்றார். பழைய இடத்தில் தோண்டிப் பார்க்கவும் வழியில்லை. அது இப்போது அலை ஏறி இறங்குகிற ஈரமணல், குழி தோண்டினால் தண்ணீர்தான் வரும்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"என் கொழுந்தனுக்கு."

"நீங்க திருடன்னு சொல்லி வேலைய விட்டு எடுக்க வெச்சீங்களே, அவரா?"

"அவருதான்."

இன்ஜினியரம்மா முதல் தடவையாகச் சிரித்தார். அது நம்பிக்கையான சிரிப்பு இல்லை. ஒன்று செய்யலாம் என்றார். ஒருத்தர் காட்டுவதை இன்னொருத்தர் பார்க்கக் கூடாது. முதலில் அக்கா காட்ட வேண்டும், அந்த இடத்தில் ஒரு இரும்பாணியை மண்ணுக்குள் அழுத்தி மூடிவிடுவார். பிறகு டேப்பு வந்து காட்ட வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் அதையே பழைய இடமாக எடுத்துக்கொள்வார்.

டேப்பை வீட்டுக்குள் இருக்கச் சொல்லிவிட்டு அக்கா மணலில் இறங்கினாள். நான் கொட்டகை ஓரம் நின்றேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெட்டிக்காரரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார், இன்னும் சிலரும். அக்கா கடலைப் பார்த்து நடந்தாள். ஓரிடத்தில் நின்றாள். திரும்பி டேப்பு வீட்டு ஜன்னலைப் பார்த்தாள். பிறகு இன்னும் கொஞ்சம் முன்னால் போய், அலை வந்து காலை நனைக்கிற இடத்தில் நின்று, இதுதான் என்றாள்.

அவள் கூட்டிக் காட்டுகிறாள் என்று எனக்கு அப்போதே புரிந்தது. அவளைத் தினமும் பார்க்கிறவன் நான். படகுக்காரன் ஐஸ் விலையைக் குறைப்பான் என்று தெரிந்தால் அவள் முதலிலேயே ஏற்றித்தான் சொல்வாள். அவன் இறக்குவான், இவள் ஏற்றுவாள், நடுவில் ஓரிடத்தில் முடியும். அதுதான் கரை வியாபாரம், அதில் பொய் என்று யாரும் நினைப்பதில்லை. கொழுந்தன் குறைத்துத்தான் காட்டுவான், நாம் கூட்டிக் காட்டினால் அந்தம்மா நடுவில் ஒன்றைப் பிடித்து முடிப்பார் என்று இங்கேயும் அதே கணக்கைப் போட்டுவிட்டாள். கத்தித் தடுக்கலாம் என்றால் இன்ஜினியரம்மா ஆணியை அழுத்திக்கொண்டிருக்கிறார்.

டேப்பு வந்தார். சட்டையைப் போட்டுக்கொண்டு, ஏதோ விசேஷத்துக்குப் போகிறவர் மாதிரி தலையைச் சீவியிருந்தார். தையல்காரி வாசல்படி வரைக்கும் வந்து நின்றாள், அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் கொட்டகை வாசலில் நின்று ஒரு தடவை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு நேராக நடந்து போய், அக்கா முதலில் நின்றாளே, அந்த இடத்தில் நின்றார். அங்கிருந்து கூடுதலாகவும் போகவில்லை, குறைவாகவும் நிற்கவில்லை. இதுதான் மேடம் என்றார்.

இன்ஜினியரம்மா குனிந்து மண்ணைத் தோண்டி, அங்கிருந்து தள்ளி அலையோரம் புதைத்திருந்த ஆணியை எடுத்துக் காட்டினார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். டேப்பு அந்த ஆணியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். புரிந்துகொண்டார் என்று முகத்திலேயே தெரிந்தது. அவருக்குக் கோபம் வந்திருந்தால் நியாயம். ஆனால் அவர், "அண்ணி காட்டுனதே இருக்கட்டும் மேடம். எனக்கு ஞாபகம் சரியா இல்ல" என்றார்.

"இப்ப சாட்சிய மாத்துறீங்களா? ரெண்டு பேருமா சேர்ந்து என்னை என்னன்னு நெனச்சீங்க?"

இன்ஜினியரம்மா ஆணியைப் பைக்குள் போட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தார். அவ்வளவுதான், வீடு போனது என்றுதான் நினைத்தேன். அக்கா அவருக்கு முன்னால் ஓடிப் போய் வழியில் நின்றாள். புடவை ஓரமெல்லாம் ஈரம், மூச்சு வாங்கியது.

"இல்லம்மா. அவரு காட்டுனதுதான் இடம். நான்தான் கூட்டிக் காட்டுனேன்."

"ஏன்?"

"இவரு குறைச்சுக் காட்டுவாருன்னு நெனச்சேன்."

"அவர் குறைக்கலையே."

"இல்ல. அவரு குறைக்கல." இதைச் சொல்லும்போது அவள் இன்ஜினியரம்மாவைப் பார்க்கவில்லை, டேப்பைப் பார்த்தாள். "நான் காட்டுனத எழுதுனா எனக்குத்தான் லாபம். அத எழுத வேணாம். அவரு நின்ன இடத்த எழுதிக்கோங்க. கல்லு வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்."

இன்ஜினியரம்மா பையைத் தோளிலிருந்து இறக்கினார். இந்தக் கரையில் தனக்கு நஷ்டமாகப் பேசின முதல் ஆள் நீங்கள்தான் என்றார். பையிலிருந்து அளக்கிற டேப்பை எடுத்து, அதை டேப்பிடமே நீட்டினார். மறுமுனையை அக்காவிடம் கொடுத்து, தண்ணீரோரம் போய் நிற்கச் சொன்னார். அங்கே அளக்க என்ன இருக்கிறது? அலை வரும்போது டேப்பு நின்ற இடம் வரைக்குமே வந்தது. கம்பைக் கடல் சாய்த்துவிட்டது என்று எழுதிக்கொள்கிறேன், இனிமேல் யாராவது கையை வைத்தால் கேஸ்தான் என்று எங்கள் எல்லோரையும் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். சரி என்று பெட்டிக்காரரும் தலையாட்டினார்.

அன்று மத்தியானம் இரண்டு பேரும் என் பட்டறை வாசலில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.  டேப்புதான் பேச்சை ஆரம்பித்தார். குறைத்துக் காட்டிவிடலாம் என்றுதான் வந்ததாகவும், ராத்திரியெல்லாம் பொண்டாட்டி அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்ததாகவும், அங்கே போய் நின்றதும் கால் தன்னால் பழைய இடத்துக்குப் போய்விட்டதாகவும் சொன்னார். எத்தனை தடவை நின்ற இடம், கால் வேறு எங்கே போகும் என்றார். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை.

கல் வந்தது. கூடுதல் கல்லுக்கு வழியில்லை என்பதால் மொத்தச் சுவரின் உயரத்தையும் கொஞ்சம் குறைத்து, மிச்சமான கல்லை அக்கா வீடு வரைக்கும் நீட்டினார்கள். துறைமுகப் பக்கத்து வீட்டுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். டேப்புக்கு வேலை திரும்பக் கிடைத்தது. தையல்காரி சுவிட்சை அணைப்பதை விட்டாள், ஆனால் அக்காவிடம் பேச இன்னும் நாளாகும் என்று தோன்றியது. கல்லுக்கு மேல் படகு ஏறாது. படகுகள் பெட்டிக்காரர் வீட்டு முன்னால் ஒதுங்கின, அங்கிருந்து ஆட்கள் நடந்து வந்து ஐஸ் அள்ளிக்கொண்டு போனார்கள். அது தொல்லைதான், ஆனால் வீடு நின்றது. கணவர் கடலிலிருந்து வந்து கல்லைப் பார்த்துவிட்டு, பரவாயில்லையே என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது.

மழை ஆரம்பித்த பிறகு ஒருநாள் நான் கொட்டகையில் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பெட்டிக்காரர் வந்தார். ஐஸ் வாங்க வரவில்லை, கையில் கூடை இல்லை. அவர் வீட்டுத் தென்னை மரம் முந்தின நாள் வேரோடு சாய்ந்திருந்தது, வேலை செய்கிற பந்தலின் கால் ஒன்று அந்தரத்தில் தொங்கியது. கொட்டகையின் மணல் பக்கத்துத் திறப்பில் நின்றுகொண்டு, அக்கா வீட்டுக் கல் முடிகிற இடத்தையே பார்த்தார். வழக்கமாக ஏதாவது ஒன்று சொல்லிச் சிரிப்பார் என்று நானும் அக்காவும் காத்திருந்தோம்.

"அன்னிக்கு என்ன சொன்னீங்க, ரெண்டு பேரும், அந்தம்மாகிட்ட?"

"நீங்களும்தான இருந்தீங்கண்ணே. உள்ளதச் சொன்னோம்."

"உள்ளதச் சொன்னா கல்லு வருமா?"

அக்கா விளக்கிச் சொல்லப் பார்த்தாள். கம்பு, தூரம், அளவு என்று சொல்லிக்கொண்டே போனாள். அவர் எதையும் காதில் வாங்கவில்லை. எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நாடகம் ஒன்று போட்டீர்கள், டேப்காரன் உங்கள் வீட்டுப் பிள்ளை, அவனுக்கு வேலையும் திரும்பக் கிடைத்துவிட்டது, நான் என்ன சின்னப் பிள்ளையா என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மெக்கானிக்கு, நீதான் கூடவே நின்ன. நீ சொல்லு. ஆபீஸ்ல யாரப் புடிச்சாங்க?" என்றார்.

யாரையும் பிடிக்கவில்லை, அவர்கள் உண்மையைத்தான் சொன்னார்கள் என்றேன். என் குரல் எனக்கே பொய் சொல்கிறவன் குரலாகக் கேட்டது. அவர் மெதுவாகத் தலையாட்டினார். "சரி. நீயும் அந்தக் கூட்டுதானா" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனார். அக்கா அண்ணே, அண்ணே என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் மெஷினை நிறுத்தினாள். அலை கல்லில் மோதி, பக்கவாட்டில் அவர் வீட்டை நோக்கி ஓடுகிற சத்தம் நன்றாகக் கேட்டது. இந்த மனுஷன் இப்படிப் பேசிவிட்டுப் போகிறாரே என்று நான் ஏதோ சமாதானம் சொல்லப் போனேன்.

"விடு மெக்கானிக்கு" என்றாள். "அவரு இடத்துல நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்."